குவியத்தை நகர்த்திச் சொரசொரப்பை அளக்கும் கருவி: பதினெட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மேற்பரப்பின் சொரசொரப்பை ஒளியைக் கொண்டு அளக்கும் கருவிகளில், லென்ஸின் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தி உயரத்தைக் கண்டறியும் வகையைச் சேர்ந்த மேசைக் கருவி ஒன்றை எங்கள் அளவீட்டு ஆய்வகத்தில் பதினெட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இத்துறையினர் இந்த முறையை ‘ஃபோகஸ் வேரியேஷன்’ என்கிறார்கள். இதற்கான சர்வதேசத் தரநிலை 2015-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 25178-606. வாங்குவதற்கு முன் நான் தேடிப் படித்தவற்றில் பெரும்பகுதி விற்பனைக் குறிப்புகளாகவே இருந்தன. அன்றாடம் பயன்படுத்தும் ஒருவருக்கு இக்கருவி எங்கே கைகொடுக்கிறது, எங்கே வழி தவறச் செய்கிறது என்பதை அவற்றிலிருந்து அறிய முடியவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இதை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு: இங்கே சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை முறைக்கே உரியவை, எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கினாலும் அவற்றை எதிர்கொள்ள நேரும்.

முறையின் அடிப்படை எளிமையானது. நுண்ணோக்கியில் ஒரு பொருளைப் பார்க்கும்போது, லென்ஸிலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவில் உள்ள மெல்லிய அடுக்கு மட்டுமே தெளிவாகத் தெரியும். அதற்கு மேலும் கீழும் உள்ளவை மங்கிவிடும். நுண்ணோக்கியின் குறையாகப் பலரும் கருதும் இந்த மெல்லிய குவிய ஆழத்தையே இக்கருவி அளவுகோலாக ஆக்கிக்கொள்கிறது. லென்ஸ் சிறு சிறு படிகளில் செங்குத்தாக நகர, ஒவ்வொரு படியிலும் கேமரா ஒரு படம் எடுக்கிறது. பிறகு ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ள சிறு சதுரத்தில் சாம்பல் மதிப்புகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது ஒவ்வொரு படத்திலும் கணக்கிடப்படுகிறது. குவியம் சரியாக விழும் உயரத்தில் அந்த வேறுபாடு உச்சத்தை அடையும். உச்சம் வந்த உயரமே அப்புள்ளியின் உயரம். உச்சத்தை ஒட்டிய சில மதிப்புகளின் மேல் ஒரு பரவளைவைப் பொருத்துவதால், இரண்டு படிகளுக்கு இடையே விழும் உயரத்தையும் கண்டறிய முடிகிறது. கணினிப் பார்வைத் துறையில் இக்கருத்தை வலுவாக நிறுவியது ஸ்ரீ நாயரும் யாசுவோ நகாகாவாவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை. தொழிற்கூட அளவீட்டுக்கு அதைக் கொண்டுவந்ததில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 2001-இல் தொடங்கப்பட்ட அலிகோனா நிறுவனத்துக்கு முன்னோடியான இடம் உண்டு. இன்று வேறு பல தயாரிப்பாளர்களும் இம்முறையைத் தனியாகவோ மற்ற ஒளியியல் முறைகளோடு சேர்த்தோ வழங்குகிறார்கள்.

சாம்பல் மதிப்புகள் வேறுபட வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையிலிருந்துதான் இக்கருவியின் வலிமையும் எல்லையும் பிறக்கின்றன. ஒரு புள்ளியைச் சுற்றி ஒளிர்வு மாறாமல் ஒரே சீராக இருந்தால், குவியம் எங்கே இருந்தாலும் படம் ஒரே மாதிரிதான் இருக்கும். உச்சம் என்ற ஒன்று தோன்றாது. உயரத்தைக் கண்டறிய வழியும் இராது. இதை நான் வாங்குவதற்கு முன்பே படித்திருந்தேன். ஆனால் படித்ததற்கும் உணர்ந்ததற்கும் இடையே சில மாதங்கள் கழிந்தன.

முதலில் கருவி தன்னை நிரூபித்த இடத்தைச் சொல்கிறேன். எங்களிடம் அளவீட்டுக்கு வருபவற்றில் வெட்டுக்கருவிகள் ஒரு பெரும் பங்கு: மாற்றிப் பொருத்தும் வெட்டுமுனைகளான இன்சர்ட்டுகள், எண்ட் மில்கள், துளையிடும் டிரில்கள். இவற்றின் வெட்டு விளிம்பு பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை ஆரமுள்ள ஒரு வளைவு. அதன் இருபுறமும் சரிவுகள் செங்குத்தாக இறங்குகின்றன. ஊசிமுனையை இழுத்து அளக்கும் ஸ்டைலஸ் கருவியின் முனைக்கே 2 மைக்ரோமீட்டர் ஆரம் இருக்கும். அதன் கூம்புக் கோணம் 60 அல்லது 90 பாகை. அந்த ஊசியை ஒரு கூரிய விளிம்பின் மேல் ஏற்றி இறக்கினால், பதிவாவதில் விளிம்பின் வடிவம் எவ்வளவு, ஊசியின் வடிவம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஊசி முறிந்துபோகும் அச்சமும் கூடவே இருக்கும். குவிய நகர்வுக் கருவியில் அதே இன்சர்ட்டைச் சாய்த்து வைத்து, வளைய விளக்கை ஏற்றி, 20 மடங்கு லென்ஸில் அளந்தால், வெட்டு முகமும் பக்க முகமும் இடையிலுள்ள வளைவும் ஒரே அளவீட்டில் வந்துவிடுகின்றன.

இதற்குக் காரணம் ஒளி வரும் திசை. லென்ஸின் வழியாகவே ஒளியைச் செலுத்தினால், கண்ணாடிபோல் எதிரொளிக்கும் சரிவிலிருந்து திரும்பும் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் லென்ஸுக்குள் வராமலே போய்விடும். லென்ஸ் எவ்வளவு அகன்ற கூம்பிலிருந்து ஒளியை வாங்குகிறது என்பதைக் குறிக்கும் எண்ணை நியூமரிக்கல் அப்பர்ச்சர் என்கிறோம், அது 0.4 ஆக இருந்தால் அந்தக் கோண எல்லை ஏறத்தாழ 24 பாகைதான். ஆனால் மேற்பரப்பில் நுண்ணிய சொரசொரப்பு இருந்தால் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறும். சுற்றிலும் வளைய விளக்கு இருந்தால் ஏதோ ஒரு திசையிலிருந்து வந்த ஒளியின் ஒரு பகுதியாவது லென்ஸை வந்தடையும். அதனால்தான் 80 பாகைக்கும் மேற்பட்ட சரிவுகளையும் அளக்க முடியும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சாணைபிடித்த முகங்களில் அந்தக் கூற்று உண்மை என்பதை நான் பலமுறை சோதித்துப் பார்த்துவிட்டேன். பளபளப்பாக மெருகேற்றிய முகங்களில் அது பொருந்தாது.

இன்னொரு நிறையை நான் வாங்கும்போது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் உயரத்தோடு அதன் உண்மையான நிறமும் பதிவாகிறது. ஒரு பகுதி பழுப்பாகத் தெரிகிறது என்றால், அங்கே அரிப்பினால் குழி விழுந்திருக்கிறதா, அல்லது வெறும் கறையா என்பதை அதே தரவிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். முறிந்த பாகங்களை ஆராயும்போது, முறிவு தொடங்கிய இடத்தைக் கண்ணால் கண்டு, அதே இடத்தில் உயரக் கோட்டை வரைந்து பார்க்கும் வசதிக்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை. வெறும் உயர வரைபடத்தைத் தரும் கருவிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தவனுக்கு, அளக்கும் பொருளையே கண்முன் பார்த்தபடி அளப்பது பெரிய நிம்மதி.

இனி, தவறுகள் நேர்ந்த இடங்களுக்கு வருகிறேன்.

கருவி வந்த முதல் மாதத்தில், லேப்பிங் செய்த, அதாவது நுண்துகளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஸ்லிப் கேஜ் (நீள அளவுக்கட்டை) ஒன்றை அதன் கீழ் வைத்தேன். அத்தகைய பரப்பின் சொரசொரப்பு சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். திரையில் வந்ததோ கூர்முனைகள் நிறைந்த ஒரு மலைத்தொடர். மென்பொருள் தயக்கமின்றி ஆர்ஏ மதிப்பையும், அதாவது சராசரிக் கோட்டிலிருந்து உயரங்கள் சராசரியாக எவ்வளவு விலகுகின்றன என்ற எண்ணையும் தந்தது. அது உண்மை மதிப்பைப்போல் பத்து மடங்குக்கும் மேல். பளபளக்கும் பரப்பில் கருவிக்குப் பற்றிக்கொள்ள எந்த நுண்வேறுபாடும் இல்லை. கேமராவின் மின்னணு இரைச்சலில் தோன்றிய சிறு ஏற்ற இறக்கங்களையே அது உச்சங்களாக எடுத்துக்கொண்டிருந்தது. 2 மைக்ரோமீட்டர் கட்-ஆஃப் நீளத்தில், அதாவது அதைவிட அகலமான அலைவுகளை வடிகட்டிவிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 10 முதல் 15 நானோமீட்டர் அளவுக்காவது நுண்சொரசொரப்பு இருந்தால்தான் இம்முறை நம்பகமாக வேலை செய்யும் என்பது இத்துறையில் வழங்கும் நடைமுறை விதி. கண்ணாடி, மெருகேற்றிய அச்சுகள், சிலிக்கான் தகடுகள், லென்ஸ் பரப்புகள் எல்லாம் அதற்கு வெளியே நிற்பவை. அவற்றுக்கு, ஒளியலைகள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் பட்டைகளைக் கொண்டு உயரத்தை அளக்கும் ஒளிக் குறுக்கீட்டு முறைதான் சரியான வழி. அம்முறையில் செங்குத்து இரைச்சல் லென்ஸின் உருப்பெருக்கத்தைப் பெரிதாகச் சார்ந்திராமல் நானோமீட்டர் அளவிலேயே நிற்கும். குவிய நகர்வில் அப்படி இல்லை. லென்ஸ் மாறினால் எல்லாமே மாறிவிடும்.

லென்ஸைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். எங்கள் கருவியில் 5, 10, 20, 50 மடங்கு லென்ஸ்கள் உள்ளன. பச்சை ஒளியை, அதாவது 0.55 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை எடுத்துக்கொண்டால், நியூமரிக்கல் அப்பர்ச்சர் 0.3 உள்ள 10 மடங்கு லென்ஸின் குவிய ஆழம் ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர், 0.4 உள்ள 20 மடங்கு லென்ஸில் 3.4, 0.55 உள்ள 50 மடங்கு லென்ஸில் 1.8. குவிய ஆழம் மெலிய மெலிய உச்சம் கூர்மையாகிறது, உயரமும் துல்லியமாகிறது. இவ்வகைக் கருவிகளின் தரக்குறிப்புகளில் செங்குத்துப் பிரிதிறன் 10 மடங்கில் 100 நானோமீட்டர், 20 மடங்கில் 50, 50 மடங்கில் 20 என்ற வரிசையில் இருப்பதற்கு இதுவே காரணம். விற்பனைத் தாளின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடப்படும் எண் எப்போதும் மிகுந்த உருப்பெருக்கத்துக்கு உரியது. நாம் அன்றாடம் பயன்படுத்தப்போகும் லென்ஸுக்கு உரிய எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதன் விளைவை ஒரு கணக்கில் காட்டிவிடலாம். ஒரு சாணைப் பரப்பின் உண்மையான எஸ்க்யூ மதிப்பு (உயர விலகல்களின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்) 0.20 மைக்ரோமீட்டர் என்றும், தேர்ந்தெடுத்த லென்ஸில் அளவீட்டு இரைச்சல் 0.15 மைக்ரோமீட்டர் என்றும் கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் வர்க்கங்களாகக் கூடும். கருவி காட்டும் மதிப்பு 0.25 மைக்ரோமீட்டர். பரப்பைத் தொடாமலே அதன் சொரசொரப்பைக் கால் பங்கு கூட்டிவிட்டோம் என்று பொருள். எங்கள் ஆய்வகத்திலும் இதுதான் நேர்ந்தது: நுண்ணிய சாணை மாதிரிகளில் ஸ்டைலஸ் கருவி தந்த மதிப்பைவிட 10 மடங்கு லென்ஸ் தொடர்ந்து கூடுதலாகக் காட்டியது, 50 மடங்குக்கு மாறியதும் இரண்டும் நெருங்கி வந்தன. ஆர்ஏ மதிப்பு ஒரு மைக்ரோமீட்டருக்கு மேலுள்ள மில்லிங், கடைசல் மாதிரிகளில் 20 மடங்கு லென்ஸுக்கும் ஸ்டைலஸுக்கும் இடையே கவலைப்படும்படியான வேறுபாட்டை நான் காணவில்லை.

உயரத்தைத் தவிரப் பக்கவாட்டுப் பிரிதிறனும் ஒன்று இருக்கிறது. திரையில் காட்டப்படும் பிக்சல் இடைவெளியைப் பார்த்து அதுவே பிரிதிறன் என்று நம்பிவிடக் கூடாது. உயரத்தைக் கணக்கிட ஒரு பிக்சல் போதாது; அதைச் சுற்றிய ஒரு சதுரம் வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். பிக்சல் இடைவெளி 0.4 மைக்ரோமீட்டர், சதுரத்தின் பக்கம் 5 பிக்சல் என்றால், ஒவ்வோர் உயரமும் 2 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு பகுதியின் கூட்டு மதிப்புதான். அண்டைப் புள்ளிகள் ஒரே தரவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 0.8 மில்லிமீட்டர் கட்-ஆஃப் நீளத்துக்கு வழக்கமாகச் சேர்த்துக் கொடுக்கப்படும், மிக நுண்ணிய அலைவுகளை நீக்கும் நுண் வடிகட்டியின் எல்லை 2.5 மைக்ரோமீட்டர் என்பதை இதன் அருகே வைத்துப் பார்த்தால், குறைந்த உருப்பெருக்கத்தில் அந்த எல்லை வரை உண்மையில் பார்க்கிறோமா என்ற கேள்வி தானே எழும். வடிகட்டியை 2.5 மைக்ரோமீட்டருக்கு அமைத்துவிட்டதாக அறிக்கையில் அச்சிடுவது எளிது; அந்த நுண்மை தரவில் இருந்ததா என்பதை அளப்பவர்தான் உறுதிசெய்ய வேண்டும்.

இத்தனையையும் விட என்னை அதிகம் வருத்திய ஒரு குறை உண்டு. அது லென்ஸிலோ ஒளியிலோ இல்லை, மென்பொருளில் இருந்தது.

உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக உருவாக்கிய ஒரு டைட்டானியம் பாகம் அளவீட்டுக்கு வந்தது. அத்தகைய பாகங்களுக்கான தூள் பெரும்பாலும் 15 முதல் 45 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளால் ஆனது. பாதி உருகிய உருண்டைகள் பாகத்தின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தமக்கு அடியில் இருண்ட பள்ளங்களை உண்டாக்கிவிடும். மேலிருந்து பார்க்கும் எந்த ஒளியியல் கருவிக்கும் உருண்டையின் அடிப்பாகம் தெரியாது. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஒளி நேர்கோட்டில் செல்வதன் விளைவு அது. நாங்கள் அளந்த பரப்பு திரையில் ஓர் இடம்கூட விடுபடாமல் முழுமையாக, அழகாக இருந்தது. மிக ஆழமான பள்ளத்தின் ஆழத்தை அறிக்கையில் எழுதி அனுப்பினோம். பிறகு அதே பாகத்தைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, வெட்டுமுகத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, பள்ளம் நாங்கள் சொன்னதைவிடத் தெளிவாகவே ஆழமாக இருந்தது. பக்கவாட்டிலும் உள்ளே குடைந்து சென்றிருந்தது.

காரணத்தைத் தேடி அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: உயரம் கிடைக்காத இடங்களைச் சுற்றியுள்ள புள்ளிகளைக் கொண்டு இட்டு நிரப்பும் வசதி, கருவி எங்களிடம் வந்த நாளிலிருந்தே இயக்கத்தில் இருந்திருக்கிறது. பள்ளத்தின் அடியில் கருவி எதையும் காணவில்லை. காணாத இடத்தில் ஒரு மென்மையான வளைவை வரைந்து எங்களிடம் கொடுத்திருக்கிறது. அதை நிறுத்திவிட்டு மீண்டும் அளந்தபோது, அழகான அந்தப் பரப்பில் கறுப்புத் துளைகள் பல தோன்றின. அந்தத் துளைகளே உண்மை. அறிக்கையைத் திருத்தி, காரணத்தையும் எழுதி மறுபடி அனுப்பினோம்.

இட்டு நிரப்புவதால் பள்ளத்தின் ஆழம் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. பரப்பின் உண்மையான விரிவு அதன் தட்டையான நிழலைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் என்று சொல்லும் எஸ்டிஆர் மதிப்பும் குறைந்துவிடும். எலும்போடு பிணைய வேண்டிய உள்வைப்புகளிலும், பசையும் பூச்சும் ஒட்ட வேண்டிய பரப்புகளிலும் அந்த மதிப்பைத்தான் பலரும் கேட்கிறார்கள். எதிர்ப்புறத்தில், மோசமான புள்ளிகளை நீக்காமல் விட்டால் அதே எஸ்டிஆர் ஊதிப்போகும். உச்சிக்கும் அடிக்கும் உள்ள தொலைவான எஸ்இசட், ஒரேயொரு பொய்யான கூர்முனையாலேயே பல மடங்காகிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் குவிய உச்சம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்ற நம்பகத்தன்மை மதிப்பு கருவிக்குள் இருக்கிறது. ஒரு வரம்பைக் குறித்து, அதற்குக் கீழானவற்றை வெறுமையாக விடச் சொல்லலாம். இப்போது எங்கள் ஆய்வகத்தில் நிரப்பும் வசதி எப்போதும் நிறுத்தப்பட்டே இருக்கும். விடுபட்ட புள்ளிகளின் விழுக்காடு ஒவ்வோர் அறிக்கையிலும் இடம்பெறும். இந்த நடைமுறையைக் கருவியோடு வந்த கையேடு சொல்லியிருக்க வேண்டும். அதில் இட்டு நிரப்புதல் பற்றி இருந்தது படத்தை அழகுபடுத்தும் வசதிகளோடு சேர்த்து எழுதிய இரண்டு வரி மட்டுமே. அளவீட்டுக் கருவி ஒன்றின் கையேட்டில் இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

ஒளியமைப்பில் நல்ல வசதிகள் தரப்பட்டுள்ளன: லென்ஸ் வழியாக வரும் ஒளி, எல்இடி வளைய விளக்கு, எதிரொளிப்பின் பளிச்சிடலை அடக்கும் போலரைசர். இவற்றைக் கையாளக் கற்பதே பயிற்சியின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். ஒளி மிகுந்து ஒரு பிக்சல் முழு வெண்மையை அடைந்துவிட்டால், குவியம் நகர்ந்தாலும் அங்கே மதிப்பு மாறாது. கூர்முனைகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான் முளைக்கின்றன. போலரைசரைப் போட்டால் பளிச்சிடல் அடங்கும். கூடவே ஒளியும் குறைவதால் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் தேவைப்படும். கடைசல் பரப்புகளில், வெட்டுக்கோடுகள் விளக்கின் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதைப் பொறுத்து தரவின் தரமே மாறுவதைக் கண்டிருக்கிறேன். பாகத்தைச் சற்றுத் திருப்பி வைத்து மறுபடி அளப்பதே பல நேரங்களில் போதுமான தீர்வாக இருந்தது.

வேகம் குறித்து விற்பனையாளர் சொன்னதும் நான் கண்டதும் வேறு. தட்டையான சிறு பரப்பு சில நொடிகளில் முடிந்துவிடும் என்பது மெய்தான். ஆனால் 20 மடங்கு லென்ஸில் எங்கள் கருவியின் பார்வைப் பரப்பு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் அகலமே. 4 மில்லிமீட்டர் நீளக் கோட்டுக்கு, ஓரங்கள் பத்தில் ஒரு பங்கு ஒன்றின் மேல் ஒன்று படிய, 6 பரப்புகளை எடுத்து ஒட்ட வேண்டும். உயர வீச்சு 1 மில்லிமீட்டர், படி 1 மைக்ரோமீட்டர் என்றால் ஒவ்வொரு பரப்புக்கும் ஆயிரம் படங்கள், மொத்தம் ஆறாயிரம். இவ்வளவு நேரம் நீளும் அளவீட்டில் வெப்பநிலை நகர்வதும் கணக்கில் வந்துவிடுகிறது. எஃகில் 100 மில்லிமீட்டர் நீளம் ஒரு செல்சியஸ் பாகைக்கு ஏறத்தாழ 1.15 மைக்ரோமீட்டர் விரியும் என்பதை நினைவில் வைத்தால், அளவீட்டின் நடுவே குளிரூட்டியின் சுழற்சி ஏன் ஒட்டிய இடங்களில் சிறு படிகளாகத் தெரிகிறது என்பது புரியும். அதிர்வு தடுக்கும் மேசையைக் கூடுதல் உபரியாக நினைத்து வாங்காமல் விடாதீர்கள். பக்கத்து நடைபாதையில் தள்ளுவண்டி ஒன்று போவதை 50 மடங்கு லென்ஸ் எனக்குத் தவறாமல் காட்டிக்கொடுத்தது.

கருவி நலமாக இருக்கிறதா என்பதைச் சோதிக்க நான் வாரம் ஒருமுறை செய்வதைச் சொல்கிறேன். ஒரே இடத்தை எதையும் நகர்த்தாமல் அடுத்தடுத்து இருமுறை அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறேன். பரப்பு இரண்டிலும் ஒன்றே என்பதால் அது மறைந்துவிடும், எஞ்சுவது இரைச்சல். அந்த மீதியின் எஸ்க்யூ மதிப்பை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஒற்றை அளவீட்டின் இரைச்சல் கிடைக்கும். ஐந்து நிமிட வேலைதான். விளக்கு மங்கத் தொடங்கியதை இது ஒருமுறை முன்கூட்டியே அறிவித்தது. தட்டைத்தன்மையைச் சோதிப்பது அவ்வளவு எளிதல்ல. மற்ற ஒளியியல் கருவிகளுக்குப் பயன்படும் மெருகேற்றிய கண்ணாடித் தட்டு இங்கே உதவாது. இக்கருவி அதைக் காணவே காணாது. சீரான நுண்சொரசொரப்பு கொண்ட தட்டையான மாதிரி ஒன்று வேண்டும். அதன் பல இடங்களை அளந்து சராசரி எடுத்தால், மாதிரியின் சொரசொரப்பு கரைந்து கருவியின் சொந்த வளைவு வெளிப்படும். கருவியோடு எங்களுக்கு வந்தவை ஒரு படி உயர மாதிரியும் ஒரு சொரசொரப்பு மாதிரியும் மட்டுமே. தட்டை மாதிரியைத் தனியாகத் தேடி வாங்க வேண்டியிருந்தது. அளவுத்திருத்தத்துக்கான ஐஎஸ்ஓ 25178-700 தரநிலை 2022-இலேயே வந்துவிட்ட நிலையில், இத்தகைய மாதிரியைக் கருவியின் பகுதியாகவே தருவதுதான் முறை.

மென்பொருளின் மற்ற பகுதிகளில் எனக்குப் பெரிய குறை இல்லை. தேய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரு பரப்புகளை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, இழந்த பருமனைக் கணக்கிடும் வசதி மிக நன்றாக இருக்கிறது. கோட்டு அளவுருக்களும் பரப்பு அளவுருக்களும் முழுமையாக உள்ளன. கோட்டு அளவுருக்களுக்கான பழைய ஐஎஸ்ஓ 4287-இன் இடத்துக்கு 2021-இல் வந்த ஐஎஸ்ஓ 21920-ஐயும் ஒரு புதுப்பிப்பில் சேர்த்துவிட்டார்கள். சேவைப் பொறியாளர் அழைத்தபோதெல்லாம் வந்தார். கேட்ட கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொன்னார். மூலத் தரவை எந்த வடிகட்டலும் இன்றி வெளியே எடுக்க மட்டும் நான்கு மெனுக்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

அளக்க முடியாத பரப்புகளுக்கு ஒரு சுற்றுவழியைக் கண்டு பயன்படுத்தி வருகிறோம். மேற்பரப்பின் மேல் பிசின்போன்ற சிலிக்கோன் நகல் பொருளை ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்து, அந்த நகலை அளக்கிறோம். மங்கலான நிறமுடைய நகலில் ஒளி நன்றாகச் சிதறுகிறது. ஒளிபுகும் பொருள்களையும், லென்ஸ் நுழைய முடியாத துளைகளின் உட்சுவரையும் இவ்வாறு அளக்க முடிகிறது. நகலில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறியிருக்கும் என்பதால், மென்பொருளில் தலைகீழாக்க மறக்கக் கூடாது. மறந்தால் ஆர்ஏ மதிப்பு மாறாது. ஆனால் உச்சிகளையும் பள்ளங்களையும் தனித்தனியே சொல்லும் அளவுருக்கள் இடம் மாறிவிடும். நகலுக்கே உரிய நுண்சொரசொரப்பும் சேர்ந்துவிடும் என்பதால், மிக மென்மையான பரப்புகளுக்கு இதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெட்டுக்கருவிகள், தூளிலிருந்து உருவாக்கிய உலோகப் பாகங்கள், மணலோ உருண்டையோ வீசித் தாக்கிய பரப்புகள், முறிவு முகங்கள், செங்குத்தான பக்கங்களையுடைய திருகு மரைகள் ஆகியவற்றை அன்றாடம் அளப்பவர்கள் இவ்வகைக் கருவியைத் தயங்காமல் வாங்கலாம். எனக்குத் தெரிந்த வேறு எந்த ஒற்றை முறையும் இவை எல்லாவற்றையும் இவ்வளவு நன்றாகச் சமாளிப்பதில்லை. ஆர்ஏ 0.1 மைக்ரோமீட்டருக்குக் கீழான பரப்புகள்தான் உங்கள் பெரும்பான்மை வேலை என்றால் குறுக்கீட்டு முறைக்கோ, குவியத்தில் உள்ள ஒளியை மட்டும் நுண்துளை வழியே ஏற்கும் கான்ஃபோகல் முறைக்கோ செல்லுங்கள். எங்கள் ஸ்டைலஸ் கருவியை நாங்கள் ஓரம்கட்டவில்லை. வரைபடத்தில் ஆர்ஏ என்று மட்டும் குறித்திருக்கும் எளிய கடைசல் பாகங்களுக்கு இன்றும் அதுவே முதலில் போகிறது.

வாங்க முடிவெடுப்பவர்கள் செயல்விளக்கத்துக்குச் செல்லும்போது, விற்பனையாளர் வைத்திருக்கும் மாதிரியை அளக்க விடாமல் உங்கள் பாகங்களில் மிகக் கடினமான இரண்டைக் கொண்டுசெல்லுங்கள்: ஒன்று பளபளப்பானது, மற்றொன்று ஆழ்ந்த பள்ளங்கள் நிறைந்தது. முதல் பரப்பு திரையில் வந்ததும், இட்டு நிரப்பும் வசதியை நிறுத்திவிட்டு, நம்பகத்தன்மை வரம்பைக் கூட்டி, அதையே மீண்டும் காட்டச் சொல்லுங்கள். கறுப்புத் துளைகள் தோன்றும்போது, விற்பனையாளர் அவற்றை என்னவென்று விளக்குகிறார் என்பதைக் கவனித்துக் கேளுங்கள்.